கைக்குழியை எங்கே வெட்டுவது?

தச்சர் குன்பெய் செய்த கதவு பூனை நடப்பதுபோல் சத்தமில்லாமல் நகரும் என்று நிக்கோ மலையில் எல்லோரும் சொல்வார்கள். சத்தம் போட அவர் வாய் இருக்கிறதே என்பாள் மனைவி ஒசென்.

இளவரசருக்கு எழும்பிய புது மாளிகையில் அந்த வாய்க்கு நிறைய வேலை கிடைத்தது. வரவேற்பறைக்கு நான்கு இழுப்புக் கதவுகள். நான்கும் ஒரே தேவதாரு மரத்தில் அறுத்தவை. மூடி வைத்தால் மரத்தின் வரி ஒரு கதவிலிருந்து அடுத்ததற்கு ஆறாக ஓடும். அப்படியொரு மரம் இனிக் கிடைக்காது. விரல் நுழைத்து இழுக்க ஒரு குழி வெட்டினால் வேலை முடிந்தது.

வழக்கம்போல, மண்டியிட்டுத் திறப்பவரின் கை உயரத்தில் அவர் உளியை வைத்தார். கட்டட அதிகாரி நிவா பூட்ஸ் காலோடு உள்ளே வந்தார்.

"என்னப்பா, தரையோட தரையா வெட்டற? இனி இங்க கம்பளம், நாற்காலி. நின்னுதான் திறப்பாங்க. மேல வெட்டு."

குன்பெய் மேலே கோடு போட்டார். மறுநாள் அந்தப்புரப் பெண்கள் ஆள் அனுப்பினார்கள்: இளவரசர் முன்னால் நின்றபடி கதவு திறக்க எங்களால் ஆகாது. கோடு கீழே இறங்கியது. உடனே சேவகர்கள் முறையிட்டார்கள்: இந்தப் புது மேல்நாட்டுக் கால்சட்டையோடு மண்டியிட்டால் தையல் விட்டுப்போகும். கோடு மறுபடி மேலே ஏறியது.

"ஐயா, இது மரம். வெட்டின இடத்துல மாவு வச்சு அடைக்க முடியாது. ஒரு தடவைதான் வெட்டலாம்" என்று நிவாவிடம் போய் நின்றார் குன்பெய்.

"அப்போ ரெண்டு இடத்துலயும் வெட்டிடேன்."

"இது கதவா ஐயா, புல்லாங்குழலா?"

இரவுச் சோற்றின்போது குன்பெய் பொருமித் தீர்த்தார். ஒசென் ஊறுகாயைக் கடித்துக்கொண்டே, "பாருங்க, கடைசில ரெண்டு தரப்புக்கும் வேணாம்னு நடுவுல, இடுப்பு வளைச்சுத் திறக்கற மாதிரி வெட்டச் சொல்வாங்க" என்றாள்.

கதவு ஆகவில்லை என்று வசந்தத்தில் வரவேண்டிய இளவரசரின் வருகை தள்ளிப்போனது. வெயில் வந்தது. ஒருநாள் காலை நிவா தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார்.

"அடுத்த வாரம் வர்றாங்க. இந்தக் கதவையெல்லாம் கழட்டிடு. நாணல் கதவை மாட்டு."

குன்பெய் நெற்றியில் அடித்துக்கொண்டார். வெயில் வந்தால் மரக்கதவைக் கழற்றிவிட்டு, காற்று புகும் நாணல் கதவை மாட்டுவது எந்த வீட்டிலும் உள்ளதுதான். ஊருக்கெல்லாம் அதை மாற்றிக் கொடுப்பவரே அவர்தான். இந்தக் குழிச் சண்டையில் அவர் புத்திக்கே அது எட்டவில்லை. பழைய மாளிகையிலிருந்து வந்த நாணல் கதவுகளில் குழி கீழேதான் இருந்தது. கால்சட்டைக்காரர்கள் மண்டியிட்டுத்தான் ஆகவேண்டும்.

உளி படாத நான்கு பலகைகளையும் துணியில் சுற்றிக் கிடங்குக்குத் தூக்கிப் போனார். பின்னாலேயே நிவாவின் குரல் வந்தது.

"குன்பெய்! இலையுதிர் காலத்துக்கு முடிவு பண்ணியாச்சு. ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டாங்க. நட்டநடுவுல வெட்டிடு! கேட்டுச்சா?"

"கேட்டுச்சு ஐயா, நல்லாவே கேட்டுச்சு" என்றார் குன்பெய். பலகைகளைக் கடைசிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, மாளிகை வேலையில் மிஞ்சிக் கிடந்த கனத்த கண்ணாடிக் கதவுகளை ஒவ்வொன்றாக இழுத்து, பலகைகள் யாருக்கும் எட்டாதபடி முன்னால் அடுக்கத் தொடங்கினார்.