நாலு மணிச் சத்தம்

ஒரு மாதத்துக்கு முன்னால், பின்னேரம் நாலு மணி. கண்டியிலிருந்து மடவளைக்கு வரும் பஸ்ஸில் ஒற்றைக் கையில் தொங்கிக்கொண்டிருந்தேன். போனில் ஒரு வாய்ஸ் நோட் வந்தது. தெரியாத நம்பர். காதில் வைத்தேன்.

யாரும் பேசவில்லை.

சர்ர்... என்று மெல்லிய சத்தம் மட்டும். சுளகிலிருந்து அரிசி சரிகிற மாதிரி. கொஞ்சம் நிற்கும். மறுபடியும் சர்ர்... ஒரு நிமிடம் ஓடி முடிந்துவிட்டது.

மறுநாள் நாலு மணிக்கு இன்னொன்று. அதற்கு மறுநாளும். ‘யார் நீங்கள்?’ என்று எழுதிக் கேட்டேன். பதிலுக்கும் அதே சத்தம்தான் வந்தது. வீட்டில் மனைவிக்குப் போட்டுக் காட்டினேன். பாதியிலேயே போனைத் தள்ளி வைத்துவிட்டாள்.

“இது மனிசன் செய்ற வேலயில்ல. ஷைத்தான் அண்டாம அவூது ஓதிட்டு அழிச்சிப் போடுங்க!”

அழித்திருக்கலாம். ஆனால் வாரா வாரம் பத்திரிகையில் உங்களுக்கு எதையாவது எழுதிப் பிழைக்கிறவனுக்குப் பயத்தைவிட ஆவல் பெரிது. மூன்றே முக்காலுக்கே கை தானாகப் போனைத் தேடத் தொடங்கியது.

விடை கட்டுகஸ்தோட்டையில் கிடைத்தது. ஜெசிந்தா டீச்சரைச் சந்தை வாசலில் கண்டேன். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, படித்து, டீச்சராகி, இப்போது நாலைந்து பேரோடு ஒரு சின்னச் சுற்றாடல் அமைப்பை நடத்துகிறவர். பேச்சோடு பேச்சாக இந்தச் சத்தத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் சாதாரணமாகத் தலையாட்டினார். என்னை ‘நானா’, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்.

“அது புஷ்பம் வீட்டுச் செவரு நானா. செவத்துக்குப் பின்னால மண்ணு ஓடுது. ஒங்க நம்பர நாந்தான் குடுத்தேன்.”

போனை எடுத்து அந்தச் சத்தத்தை மறுபடி போட்டேன்.

விஷயம் இதுதான். ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஒரு தோட்டம். அங்கே எட்டுத் தொழிலாளர் குடும்பங்கள் வரிசை அறைகளில் குடியிருக்கும் ஒரு லயம்; அதற்கு மேலே கல்குவாரி. தினமும் மூன்றரைக்கு வெடி வைப்பார்கள். வெடித்த பிறகு லயத்துச் சுவர்களுக்குப் பின்னால் மண் சரியத் தொடங்கும். கொழுந்து பறிக்கும் புஷ்பம் சுவரில் போனை வைத்து அதைப் பதிவு செய்வார். டீச்சரின் ஆட்கள் அதைப் பிரதேச சபை உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் அனுப்புவார்கள். கொசுறாக, என்னைப் போல எழுதுகிறவர்களுக்கும்.

குவாரியை நிறுத்த வேண்டும், எட்டுக் குடும்பங்களுக்கும் வேறு இடத்தில் காணி வேண்டும் — இதற்கு ஒரு தீர்மானம் சபைக்கு வரவிருக்கிறது. பெருமழை தொடங்குவதற்குள் அது நிறைவேற வேண்டும். இல்லாவிட்டால்? மண் லயத்தின் மேல்தான் வரும்.

“சரி, ஏன் டீச்சர் ஒரு வார்த்தகூடப் பேச மாட்டேங்கிறீங்க?”

“மனு குடுத்தோம். பேனர் புடிச்சிக்கிட்டு ஊர்வலம் போனோம். எங்க போனாலும் ஒரே கேள்விதான் — நீங்க எந்தக் கட்சி? அதான் பேசுறத நிப்பாட்டிட்டோம். மண்ண பாத்து அப்பிடிக் கேக்க முடியாதுல்ல?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

நமக்குத் தெரிந்த சுற்றாடல் இயக்கம் எது? மரநடுகை விழா. உறுப்பினர் வருவார், மாலை விழும், கன்றுக்கு ஊற்றிய தண்ணீரைவிட எடுத்த போட்டோ அதிகமாக இருக்கும். அதைப் பார்த்துப் பழகிய எனக்கு இது புதிது. சபை உறுப்பினர் ஒருவரிடம் டீச்சர் நேரிலேயே கேட்டாராம், “சத்தம் கேட்டீங்களா?” என்று. “அதெல்லாம் நான் திறந்து பாக்கிறதே இல்ல டீச்சர்” என்று சொல்லிவிட்டாராம்.

போய்ப் பார்த்துவிடுவோம் என்று ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பினேன். தெல்தெனியவில் இறங்கி ஒரு பிளேன்டீ, அடுத்த பஸ், அப்புறம் ஏற்றம்.

புஷ்பம் அரை நாள் வேலையோடு வந்து எனக்காகக் காத்திருந்தார். ஒற்றை அறை, காம்பரா என்பார்கள். பின்சுவரில் என் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு வெடிப்பு. அதற்குக் குறுக்கே பென்சில் கோடுகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தேதி. நான் கதிரையை இழுத்து உட்கார்ந்தேன்.

“வர்றவங்க எல்லாரும் வாசப் பக்கந்தான் ஒக்காருவாங்க” என்றார் புஷ்பம்.

வெட்கமாக இருந்தது. ஆனாலும் கதிரையை நான் நகர்த்தவில்லை.

மூன்றரைக்கு வெடித்தது. பல்ப் ஆடியது. பிறகு ஒன்றுமில்லை... பக்கத்துக் காம்பராவில் ஒரு குழந்தை அழுது ஓய்ந்தது. புஷ்பம் வாயில் விரல் வைத்துக்கொண்டு போனைச் சுவரில் ஒட்டினார். என்னையும் கூப்பிட்டார். காதைச் சுவரில் வைத்தேன்.

போனில் அது அரிசிச் சத்தம். இங்கே அப்படி இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ காலை இழுத்து இழுத்து நடக்கிற மாதிரி இருந்தது. சுவர் ஈரமாகவும் குளிராகவும் இருந்தது. சத்தம் என் காதுக்கு நேராக வந்து நின்றது. நான் காதை எடுத்துவிட்டேன்.

புஷ்பம் எழுந்து, வெடி அதிர்வில் அந்தச் சுவரில் சாய்ந்துபோயிருந்த தன் மகளின் போட்டோவை நேராக்கினார். அது அவருடைய தினசரி வேலை போல.

“பயமா இல்லியா?”

“பயந்தா எங்கிட்டுப் போறது நானா? லயத்துல வேற காம்பரா இல்லியே.”

திரும்பி வந்தேன். எழுதவேண்டும் என்று நினைத்தேன். அந்த வாரம் கண்டி டிராபிக் பற்றி எழுதினேன். அடுத்த வாரம் தேங்காய் விலை. நாலு மணிக்கு மட்டும் தவறாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

போன வியாழக்கிழமை நாலு மணி. சத்தம் வரவில்லை.

நாலே கால். நாலரை. வெளியே நல்ல மழை. புஷ்பத்தின் போனுக்கு எடுத்தேன் — தொடர்பில் இல்லை. அழிச்சிப் போடச் சொன்ன என் மனைவி ஈரக் கையோடு வந்து நின்றாள்.

“வந்திச்சா?”

இல்லை என்று தலையாட்டினேன். டீச்சருக்கு எடுத்தேன். “எனக்கும் வரல்ல நானா” என்றார். அப்படியொரு குரலில் அவர் பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

தெரிந்தவர் ஒருவரின் வேனில் நானும் டீச்சரும் போனோம். தோட்டத்துக்குப் போய்ச் சேரும்போது பனிமூட்டத்தில் எதுவுமே தெரியவில்லை. எங்கே லயம்? கூரை எங்கே? அந்த இரண்டு நிமிடம் எதிரிக்கும் வரக் கூடாது.

பிறகு தகரக் கூரை தெரிந்தது. எட்டுக் காம்பராவும் அப்படியே நின்றன. புஷ்பம் அடுப்படியில் நின்றார். பகலிலிருந்து கரண்ட் இல்லையாம், போனில் சார்ஜ் இல்லையாம். அவரை ஏசுவதா, அழுவதா என்று எனக்கே தெரியவில்லை.

ஆனால் எங்களுக்கு முன்பே வேறொருவர் வந்து நின்றிருந்தார். வாசலில் ஜீப். காலெல்லாம் சேறு, குடைகூட இல்லை. ‘திறந்து பாக்கிறதே இல்ல’ என்று சொன்ன அதே உறுப்பினர்!

புஷ்பம் அவரிடம் மெதுவாகக் கேட்டார். “இத்தன நாளா அனுப்புனப்ப வரல்ல. இன்னைக்கு ஒன்னுமே அனுப்பல்ல... நீங்க ஏன்யா வந்தீங்க?”

“சத்தம் வரல்லியே...” என்றார் அவர். சொன்ன பிறகுதான், தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவருக்கே விளங்கியிருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டார்.

தீர்மானம் அடுத்த கூட்டத்தில் வருகிறது. அவர் கை தூக்குவாரா? தெரியாது. ஆனால் எதுவும் கேட்கவில்லை என்று இனி அவரால் சொல்ல முடியாது.

இதை எழுத ஒரு மாதம் எடுத்துக்கொண்ட என்னாலும்தான்.