சரஸ்வதி பூசையில் அகப்பட்ட கோடிங் புத்தகங்கள்

புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம் என்று அனுமதி தந்த தேர்வில் இரண்டு முறை தோற்றவள் நான். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அம்பாள் எனக்குச் செய்ததை மறைத்தால் அது அதைவிட வெட்கம், அடியார்களே.

நான் மருத்துவத் தகவல் படிப்பில் பட்டம் பெற்றவள். லண்டனில் ஓர் ஆஸ்பத்திரியில் பயிற்சிக் கோடராக இருந்தேன். கம்ப்யூட்டர் கோடிங் அல்ல. நோயாளியின் குறிப்புகளை வாசித்து, என்ன நோய், என்ன சிகிச்சை என்று ஒவ்வொன்றுக்கும் உரிய எண்ணைத் தடித்த புத்தகங்களில் தேடிப் பதிகிற வேலை. மூன்றாம் முறையும் தவறினால் வேலை இல்லை என்று மேலாளர் சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டார்.

விஜயதசமிக்கு மறுநாள் தேர்வு. நவராத்திரியின் ஏழாம் நாள், சரஸ்வதிக்குரிய கடைசி மூன்று நாட்கள் தொடங்கும் காலையில், சாமிப் படத்தின் முன் நின்று அழுதேன். "தாயே, எனக்கு மூளை காணாது. நீயே பார்த்து ஏதாவது செய்" என்று கேட்டுவிட்டு ஷிப்டுக்குப் போனேன்.

மாலையில் பிளேஸ்டோ பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பினால் மேசை வெறுமையாகக் கிடந்தது. என் புத்தகங்கள் நாலும் சந்தனம், குங்குமம் சகிதம் பட்டுத்துணி சுற்றிக்கொண்டு சரஸ்வதி படத்தின் கீழ் இருந்தன. பஸ் ஓட்டுகிற என் கணவருக்கு அன்று லீவு.

"என்னப்பா செய்து வைச்சிருக்கிறியள்?"

"பூசைக்கு வைச்சிட்டன். உமக்காகத்தான்."

"இனி விஜயதசமி வரைக்கும் தொடேலாதே! நான் எப்பிடிப் படிக்கிறது?"

அதை அவர் யோசிக்கவில்லை. தலையைச் சொறிந்தார். எடுத்தால் சரஸ்வதி கோபிப்பாள். எடுக்காவிட்டால் தேர்வாளர் கோபிப்பார். ஆனாலும் பூசையில் வைத்ததை எடுக்க எனக்குக் கை வரவில்லை. கைப்பைக்குள் இருந்த பயிற்சிக் கேள்வித்தாள்கள் மட்டும் அவர் கண்ணில் படாமல் தப்பியிருந்தன.

"சரி, அதை வாசியும். நான் கேக்கிறன்" என்று குற்ற உணர்வோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

வாசித்தேன். வயதான மனிதர், நீரிழிவு, பிரஷர்... வழமையாக நீரிழிவு என்று கண்டவுடனே புத்தகத்தில் பாய்ந்துவிடுவேன். இப்போது பாய இடமில்லை.

"அது கிடக்கட்டும். மனுசன் என்னத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்?" என்று கணவர் இடைமறித்தார்.

மிச்சத்தையும் வாசித்தேன். தொடை எலும்பு முறிந்து வந்திருக்கிறார்.

"ஐயோ! எப்பிடி முறிஞ்சது? எங்க விழுந்தவர், வீட்டிலையோ றோட்டிலையோ?"

விடுப்புக் கேட்பதில், அதாவது அடுத்தவர் கதையைத் துருவித் துருவி விசாரிப்பதில், என் கணவரை வெல்ல ஆளில்லை. ஆனால் நான் திகைத்துப்போனேன். எதற்காக வந்தார் என்பதுதான் முதலில் பதிய வேண்டிய எண். எப்படி விழுந்தார், எங்கே விழுந்தார் என்பதற்கும் தனித்தனி எண்கள் உண்டு. நான் பாதி வாசித்துவிட்டு ஓடி ஓடி இரண்டு முறையும் புள்ளிகளை அங்கேதான் தொலைத்திருந்தேன்.

அந்த நாட்கள் முழுவதும் அவர் விடுப்புக் கேட்டார், நான் விளக்கம் சொன்னேன். ஒரு கேள்வியில் நோயாளி இறந்துபோனார். அன்று இவர் சரியாகச் சாப்பிடவில்லை.

விஜயதசமி காலையில் கும்பிட்டுப் புத்தகங்களை எடுத்து, அந்தக் கதைகளுக்கெல்லாம் எண் தேடினேன். கை தானாகப் போனது. மறுநாள் தேர்வில் ஒவ்வொரு கேள்வியையும் கடைசி வரி வரை வாசித்த பிறகே பக்கத்தைப் புரட்டினேன்.

முடிவு வேலை நேரத்தில் மின்னஞ்சலில் வந்தது. பாஸ்! கழிவறைக்குள் ஓடிப்போய் அழுதபடி அவருக்கு போன் எடுத்தேன். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்: "ஓமோ? உம்மோட எழுதின மற்ற ஆக்கள் என்ன மாதிரி?"

இன்று நான் நிரந்தரக் கோடர். அவசரக்குடுக்கையாக இருந்த என்னை அம்பாள் நிதானமாக வாசிக்க வைத்திருக்கிறாள். தேர்வுக்கு நிற்கும் பிள்ளைகளே, பயிற்சிக் கேள்விகளை யாருக்காவது வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். அவளையும் நம்பிக் கேளுங்கள். உதவி யார் வாயால் வரும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் வரும்.