மைக் செட்காரர் வீட்டுக் காதுகுத்து

ரெட்டியார்பாளையத்து நாகராஜ் மைக் செட் கட்டினால் பக்கத்து ஊரில் தூங்குகிற பிள்ளையும் எழுந்து உட்காரும். அதில் அவருக்கு அவ்வளவு பெருமை. யார் வீட்டுக் கல்யாணம், யார் வீட்டுச் சாவு என்று ஊருக்கே சேதி சொன்ன மனிதர், சொந்த வீட்டுச் சேதி ஒன்றை மட்டும் ஒரு வருஷமாக விழுங்கிக்கொண்டு திரிந்தார்.

மகள் இளவேனிலுக்கு ஐந்து வயது. பேச்சு வரவில்லை. சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு சுவரோரம் ஒண்டுவாள். டாக்டர் ஆட்டிசம் என்றார். "எங்கப்பாவே லேட்டாத்தான் பேசுனாரு" என்று நாகராஜ் எழுந்து வந்துவிட்டார். மனைவி சத்யப்பிரியாதான் பிள்ளையைத் தெரபிக்குத் தூக்கிக்கொண்டு தனியாக அலைந்தாள். உறவுக்காரர்கள் கேட்டால் இவர் சொல்லும் பதில், "காதுல சளி." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அதை அலுக்காமல் செய்தார்.

மறைத்தது போதாதென்று, ஊரைக் கூட்டிக் காதுகுத்தும் வைத்தார்.

"வாணாங்க, அவ தாங்கமாட்டா" என்றாள் சத்யப்பிரியா.

"செய்யலன்னா நாலு பேரு என்னா பேசுவான்?"

உழவர்கரையில் மண்டபம். மூலைக்கு மூலை ஸ்பீக்கர் பாக்ஸ். தாய்மாமன் ராஜ்கமல் மடியில் பிள்ளையை உட்காரவைத்ததும் மேளப் பாட்டை அலறவிட்டார்கள். இளவேனிலும் அலறினாள். ஒருவர் தலையைப் பிடிக்க, இருவர் காதிலிருந்து கையைப் பிரிக்க, ஆசாரி ஊசியோடு குனிந்தார்.

அப்போதுதான் நாகராஜ் கவனித்தார். பிள்ளை ஊசியைப் பார்க்கவே இல்லை. அப்பா கட்டிய பாக்ஸைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தது. பாய்ந்துபோய் மெயின் சுவிட்சை அணைத்தார். மண்டபமே திரும்பிப் பார்த்தது.

"எம்பொண்ணுக்குக் காதுல சளி இல்ல" என்றார், மைக் இல்லாமல். "ஆட்டிசம். சத்தம் அவளுக்கு வலிக்குது. நாந்தான் உங்ககிட்ட பொய் சொன்னேன். இன்னிக்குக் காது குத்தல. எல்லாரும் மெதுவா பேசிக்கினு சாப்ட்டுப் போங்க."

பெரியப்பா கலியபெருமாள் சும்மா விடுவாரா? "மைக் செட்காரன் வூட்ல மைக்கும் இல்ல, காதுகுத்தும் இல்ல. அப்புறம் என்னாத்துக்குடா விருந்து?"

"எம்பொண்ணு யாருன்னு எனக்கே இன்னிக்குத்தான் தெரிஞ்சுது பெரிப்பா. அதுக்குத்தான்."

கலியபெருமாள் சமையல்காரர் பக்கம் திரும்பி, "எலையப் போடுப்பா" என்றார், பிள்ளைக்குக் கேட்காத குரலில்.

சத்யப்பிரியா அழுதாள். ஒரு வருஷத்து அழுகை அது. அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, மகளைத் தூக்கிக் கணவர் தோளில் போட்டாள்.

ஊரார் பந்தியிலெல்லாம் மைக் பிடித்துக் கத்தியவர், அன்று மகளைச் சுமந்துகொண்டு ஒவ்வொரு இலையாக நின்று விசாரித்தார். "இவதான் எம்பொண்ணு இளவேனில்" என்று எல்லாரிடமும் சொன்னார். கடைசி இலைவரை அவர் குரலை உயர்த்தவே இல்லை. ஆனாலும் கேட்காதவர் ஒருவரும் இல்லை.