படுத்தால்தான் குதிக்கலாம்

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னை வீரன் என்று நினைத்து ஏமாற வேண்டாம்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு முழுப்பரீட்சை லீவு. அப்போது நாங்கள் சூலூர்ப் பக்கம் இருந்தோம். எதிர்வீட்டுத் தறிக்குடோன்காரர் தன் மகனுக்கு எம்.டி.பி. சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். நேர் ஹேண்டில்பார், தடித்த டயர், மட்கார்டு கிடையாது. அவன் என்னோடு ஒன்பதாவது படித்தவன். டிவியில் வெள்ளைக்காரன் ஒருவன் சைக்கிளிலேயே பாறையைத் தாண்டுவதைப் பார்த்துவிட்டு வந்தான். அன்றோடு என் நிம்மதி போயிற்று.

குடோனுக்குப் பின்னால் செம்மண் காலியிடம். அங்கே இரண்டு ஹாலோபிளாக் கல்லை அடுக்கி, ஒரு பலகையைச் சாய்த்து வைத்தான். வேகமாக மிதித்து வந்து பலகையில் ஏறி, நுனியில் ஹேண்டில்பாரை மேலே இழுத்தால் சைக்கிள் அந்தரத்தில் போகும். தெருப் பையன்கள் எல்லோரும் சேர்ந்து முதலில் தென்னை மட்டையைத் தாண்டினோம். பிறகு செங்கல் வரிசை. எல்லோரும் இழுக்கிற இடத்தில் நான் மட்டும் பிரேக் பிடிப்பேன். மூன்று தடவை சைக்கிளோடு குப்புற விழுந்தேன். முழங்கைச் சிராய்ப்பை அம்மா பார்த்துவிடக் கூடாதென்று அந்தச் சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு திரிந்தேன்.

பத்து நாளில் அவனுக்குச் செங்கல் சலித்துவிட்டது. இனி ஆளைத்தான் தாண்ட வேண்டும் என்றான். சட்டமும் அவனே போட்டான்.

"ஒருக்கா படுத்தாத்தான்டா ஒருக்கா குதிக்கலாம். படுக்காதவன் சைக்கிளத் தொடப்படாது."

படுத்தேன். ஏன் படுத்தாய் என்று கேட்காதீர்கள். மாட்டேன் என்று சொல்லவும் பயம்தான். பலகைக்கு அந்தப் பக்கம் குறுக்காக மல்லாந்து கிடந்தேன். தறிகள் போட்ட சத்தத்தில் சைக்கிள் வருவது காதில் விழவில்லை. முதுகுக்கடியில் தரை மட்டும் அதிர்ந்துகொண்டிருந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். மேலே என்னவோ கடந்துபோயிற்று, முகத்தில் மண் கொட்டியது. எழுந்து பார்த்தால் டவுசர் ஈரம். அதை மறைக்க நேராகத் தண்ணீர்த் தொட்டிக்குப் போய், கால் வழுக்கினவன் போல வேண்டுமென்றே உள்ளே விழுந்தேன்.

அடுத்தது என் முறை. எனக்காகப் படுக்க ஒருத்தனும் வரவில்லை.

"இவனுக்கா? பாதில பிரேக்கப் பிடிச்சுப்போடுவான்டா. நேரா வகுத்து மேலதான் எறங்குவான்" என்று சிரித்தார்கள்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அப்பாடா என்றிருந்தது. யாரும் படுக்காவிட்டால் குதிக்க வேண்டியதில்லையே.

அப்போதுதான் என் தங்கச்சி வந்தாள். ஆறாவது படிப்பவள். என்னை டீ குடிக்கக் கூப்பிட வந்தவள், ஓடிப்போய்ப் பலகைக்கு அந்தப் பக்கம் நான் கிடந்த இடத்தில் படுத்துவிட்டாள்.

"எந்திரி கண்ணு. ஊட்டுக்குப் போ."

"போண்ணா. நானும் ஒருக்கா குதிக்கோணும். படுத்தாத்தான உடுவாங்க?"

எத்தனை நாளாக எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்தாளோ. பாவாடையைக் காலோடு ஒதுக்கிக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டாள். கண்ணை மூடவில்லை.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். பையன்கள் சுற்றி நிற்கிறார்கள், வாய் வரவில்லை. மிதித்தேன். பலகையில் ஏறும்போது விரல்கள் தாமாகப் பிரேக்குக்குப் போயின. பிடித்தால் அவள்மேல்தான் விழுவேன். அது உறைத்த மாத்திரத்தில் விரல்களை விரித்து, "முருகா!" என்று கத்திக்கொண்டு ஹேண்டில்பாரை இழுத்தேன்.

தாண்டிவிட்டேன். பின்சக்கரம் அவள் பாவாடை ஓரத்தில் இறங்கியிருந்தது. காலுக்கும் அதற்கும் இரண்டு விரற்கடை இருந்தால் அதிகம். பையன்கள் விசிலடித்தார்கள். நான் சைக்கிளைப் போட்டுவிட்டு அவளிடம் ஓடினேன். அதற்குள் அவள் எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, சைக்கிளை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப எம்முறை."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவளுக்காக யார் படுப்பது? வேறு யார், நான்தான் படுத்திருக்க வேண்டும்.

நான் படுக்கவில்லை. "இருட்டாகுது, அம்மா வையும்" என்றேன். வெயில் முதுகைச் சுட்டுக்கொண்டிருந்தது.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சைக்கிளை எதிர்வீட்டுக்காரனிடம் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் வந்தாள்.

"உடுண்ணா. உனக்குப் பயமா இருக்குதல்ல" என்றாள், மற்றவர்களுக்குக் கேட்காதபடி.

கேலியாகச் சொல்லியிருந்தால் அங்கேயே சண்டை போட்டிருப்பேன். அவள் கேலி செய்யவில்லை. வீடு வரைக்கும் என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.