உணவறைச் சாவி

முதியோர் இல்லத்தின் உணவறைச் சாவி பதினொரு வருடமாக அவர் இடுப்பில்தான் தொங்கியது. பதவியின் பெயர் மேற்பார்வையாளர். அங்கிருந்த முதியவர்கள் வைத்த பெயர் நீதிபதி. நேரில் கூப்பிடும்போது அது மரியாதை போல ஒலிக்கும். அவர் தலை மறைந்ததும் காறித் துப்புவது போல ஒலிக்கும்.

மதியச் சாப்பாடு பன்னிரண்டு மணிக்கு. பன்னிரண்டரைக்குக் கதவைப் பூட்டிவிடுவார். கடிகாரத்தின் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, பெரிய முள் ஆறைத் தொட்டதும் சாவியைத் திருப்புவதில் அவருக்கு அப்படியொரு சுகம். சாப்பிடுவதிலும் குறை வைக்கவில்லை. பூட்டிய பிறகு, இல்லத்தின் தலைவருக்கென்று வைத்திருந்த பீங்கான் தட்டை எடுத்து, நல்ல துண்டுகளாகப் பார்த்துப் பொறுக்கிப் போட்டுக்கொள்வார்.

ஞாயிறு ஜெபக் கூட்டத்தில் அவர் அலுக்காமல் சொன்னது ஒரே உவமைதான். எஜமான் வெளியூர் போகிறார். வீட்டிலிருப்பவர்களுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு போடும் பொறுப்பை ஒரு ஊழியக்காரனிடம் விட்டுப் போகிறார். எஜமான் வர நாளாகும் என்று நினைத்துக் கூட இருப்பவர்களை அடித்து, தான் மட்டும் தின்று குடித்துத் திரிகிறவன் பொல்லாதவன். நினையாத நாளில் எஜமான் வந்து அவனை நியாயந்தீர்ப்பார்.

அதற்கு நம் நீதிபதியின் விளக்கம் இது:

"வேளைன்னா வேளைதான். ஒரு நிமிஷம் பிந்தி வர்றவன்தான் அந்தப் பொல்லாத ஊழியக்காரன். பரலோகத்துலயும் இதே சட்டம்."

"அப்ப அங்கயும் சாவி உங்ககிட்டதானா?" என்று கேட்டார் ஓய்வுபெற்ற தபால்காரர். பின்வரிசை சிரித்தது. அன்று தபால்காரரின் கிண்ணத்தில் விழுந்த சூப்பில் பாதிக்கு மேல் வெந்நீர்.

அந்த இல்லத்தின் கடைசி அறையில் இருந்தவர் நீதிபதியின் சொந்த அக்கா. அம்மா இல்லாத வீட்டில் தன் தட்டில் பாதியைத் தம்பி தட்டில் தள்ளிவிட்டு, எனக்குப் பசியில்லை என்று எழுந்துபோனவர். இப்போது சர்க்கரை நோய். நர்ஸ் அறை அறையாக இன்சுலின் போட்டுக்கொண்டு கடைசி அறைக்கு வரும்போது பன்னிரண்டு பத்து. ஊசி போட்டதும் சாப்பிட்டாக வேண்டும். நான்கு கால் ஊன்றுகோலோடு அந்த நீண்ட வராந்தாவைக் கடக்க இருபது நிமிடம். தினமும் ஒரு கிழவியை ஓட்டப்பந்தயம் ஓடவிட்டுக் கடிகாரம் பார்த்த தம்பியை என்னவென்று சொல்வது?

இரண்டு முறை அக்கா தோற்றார். இரண்டு முறையும் சமையல்கார அம்மா பின்வாசல் வழியாக ரொட்டி கொடுத்துக் காப்பாற்றினார். விஷயம் தெரிந்ததும் பின்வாசலுக்கும் பூட்டு வந்தது.

"கூடப் பிறந்தவளுக்கே சலுகை கிடையாது. இதுதான் உண்மையுள்ள ஊழியம்," என்று பெருமையடித்துக்கொண்டார் அவர். ஈரமில்லாத நெஞ்சுக்கு நேர்மை என்று பெயர் வைத்துக்கொள்வது எவ்வளவு வசதி.

தலைவர் எப்போதாவது காரில் வருவார். கார் தெருமுனையில் திரும்பியதும் காவலாளி இரும்புக் கேட்டை இரண்டு தட்டுத் தட்டுவான். உடனே மேஜைக்குப் புதுவிரிப்பு வரும், கதவு அகலத் திறக்கும், அக்காவைத் தம்பியே கைத்தாங்கலாக அழைத்து வருவார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை கார் பழுது. தலைவர் பஸ்ஸில் வந்து இறங்கி, குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தார். கேட்டைத் தட்ட ஆளில்லை. பன்னிரண்டரைக்குப் பிந்தினால் காவலாளிக்கும் சாப்பாடு கிடையாது என்பது நீதிபதியின் சட்டம் அல்லவா? அவன் உள்ளே அவசர அவசரமாக விழுங்கிக்கொண்டிருந்தான்.

பூட்டிய கதவுக்கு வெளியே, பெஞ்சில், உடம்பெல்லாம் வியர்த்து நடுங்கிக்கொண்டிருந்தார் அக்கா. தலைவர் பையில் கிடந்த மிட்டாயைப் பிரித்து அவர் வாயில் போட்டுவிட்டுக் கதவைத் தட்டினார்.

"யாரது?"

"சாப்பிடாதவங்க ரெண்டு பேரு."

"நேரம் முடிஞ்சு போச்சு. நாளைக்கு வாங்க." வாய் நிறைய மென்றுகொண்டே வந்தது பதில். தட்டுகிறவர் யார் என்று குரலைக் கவனிக்கும் வழக்கம் அவருக்கு என்றைக்குமே இருந்ததில்லை.

"ஒரு அம்மா மயங்கி விழப்போறாங்க. திறங்க."

"திறந்தா எங்க எஜமானுக்கு யாரு பதில் சொல்றது?"

"சொல்லுங்க. கேக்கத்தான் நிக்கிறேன்."

மெல்லுவது நின்றது. உள்ளிருந்து சாவி திரும்பியது. கதவு திறந்தபோது பீங்கான் தட்டும், கடித்து வைத்த இறைச்சித் துண்டும் தலைவரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அக்காதான் முதலில் பேசினார். "அவனை ஒண்ணும் சொல்லிடாதீங்கய்யா. சின்ன வயசுல ரொம்பப் பசி பார்த்தவன்."

"நீங்களும் அதே வீட்டுலதானேம்மா இருந்தீங்க?"

தலைவர் கையை நீட்டிச் சாவியை வாங்கினார். "வேளை தவறாமப் போடுன்னு சொன்னது உங்ககிட்டங்க. வர்றவங்ககிட்ட இல்ல." சாவி சமையல்கார அம்மாவின் கைக்குப் போனது. அன்று மாலையே நீதிபதி பெட்டியைக் கட்டினார்.

இப்போது ஊசி கடைசி அறையிலிருந்து தொடங்குகிறது. உணவறைக் கதவு பூட்டப்படுவதே இல்லை. வாரத்தில் இரண்டு நாள், ஒரு மணியும் தாண்டிய பிறகு, வேலையில்லாத ஒரு மனிதர் உள்ளே வந்து அக்காவின் எதிரே உட்காருகிறார். அக்கா தன் தட்டில் அவருக்கென்று மீத்து வைத்த பாதியை எடுத்து வைக்கிறார். உண்மையுள்ள ஊழியனுக்கு இந்த உலகத்தில் நியாயம் கிடைக்காது என்று உவமையை எடுத்துச் சொல்லிக்கொண்டே அவர் சாப்பிடுகிறார்.

போன வாரம் தட்டைத் தள்ளிவிட்டு முகம் சுளித்தாராம்: "ஆறிப் போச்சு. நான் இருந்த வரைக்கும் இங்க ஒரு ஒழுங்கு இருந்துச்சு."

அக்கா எழுந்து, ஊன்றுகோலை ஊன்றி, அந்தச் சாப்பாட்டைச் சூடுபடுத்திக்கொண்டு வரப் போனார்.