மாமாவின் முகம் உருண்டையானபோது

மாமாவின் கன்னத்தை அத்தை கிள்ளிப் பார்த்த காலைதான் முதலில் ஞாபகம் வருகிறது. மாமா என் கணவரின் அப்பா. தங்கச் சுரங்கத்தை மூடியபோது நெஞ்சு நிறையக் கல்தூசியோடு வீட்டுக்கு வந்தவர். எலும்பும் தோலுமாகவே நான் பார்த்திருந்த மனிதருக்கு முகம் உப்பிப் பளபளத்தது. "இன்னாங்க, புது மாப்பிள்ள கணக்கா ஆயிட்டீங்க" என்று அத்தை கேலி செய்ய, மாமா வெட்கப்பட்டார்.

எல்லாம் ஒரு சின்ன வெள்ளை மாத்திரையின் வேலை. மூச்சிரைப்புக்காக டாக்டர் சில நாட்களுக்கு மட்டும் எழுதிக் கொடுத்தது. மாமாவோ பழைய மாத்திரை அட்டையை மெடிக்கலில் காட்டி வருஷக்கணக்கில் வாங்கி விழுங்கினார். மூச்சு சீரானது, பசித்தது, ஆண்டர்சன்பேட்டை மார்க்கெட் வரை நடந்தார். உடம்பு தேறிவிட்டது என்று எங்கள் சுரங்கக் குடியிருப்பு லைனில் இருந்த அத்தனை பேரும் சொன்னார்கள். ஊரே சொன்ன பிறகு மாத்திரை எதற்கு என்று ஒரு நாள் நிறுத்திவிட்டார். எங்களுக்கும் சந்தோஷம்தான்.

சில நாட்களிலேயே படுத்துவிட்டார். வாந்தி, எழுந்து நின்றால் கண் இருட்டியது. நான் பெங்களூரில் வேலையில் இருந்தபோது போன் வந்தது. ரயில் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது சலைன் ஏறிக்கொண்டிருந்தது. பிரஷர் மட்டும் இறங்கிக்கொண்டே போனது. என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று அங்கிருந்த டாக்டர்கள் கேட்டார்கள். அத்தை கொஞ்சம் பெருமையோடுதான் பதில் சொன்னார்.

"ஒண்ணும் இல்லீங்க சார். எல்லாத்தையும் நிறுத்திட்டாரு."

சாயங்காலம் வந்த பெரிய டாக்டர், அந்த உருண்டை முகத்தையும் கையில் கன்றிப்போன திட்டுகளையும் பார்த்துவிட்டு, நிறுத்துவதற்கு முன் என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். சொன்னதும் ஊசி போட ஓடினார்கள். மாமா அதற்குள் எங்களை விட்டு வெகுதூரம் போயிருந்தார். அந்த ஊசி அவரைத் திருப்பிக் கொண்டுவரவில்லை.

பிறகுதான் விளக்கினார்கள். சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் இரண்டு சுரப்பிகள் கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. காய்ச்சலோ அடியோ அதிர்ச்சியோ, உடம்பு தாங்கி நிற்பது அதனால்தான். சுரக்கச் சொல்லி உத்தரவு மூளையிலிருந்து வரவேண்டும். அதே வேலையைச் செய்யும் மாத்திரை வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தால் மூளை உத்தரவை நிறுத்திவிடும், சுரப்பிகள் தூங்கிப்போகும். முகம் உப்பியதும் கையில் திட்டுகள் வந்ததும் அந்த மாத்திரையால்தான். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் சுரப்பிகள் விழித்துக்கொள்ளும். திடீரென்று நிறுத்தினால் அதற்கு அவகாசம் இல்லை. பெல் அடிக்காமல், ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜ் கிளம்பாது என்று ஆயுசெல்லாம் அந்தக் குழியின் ஷாஃப்டில் நின்றவர் மாமா. ஒருவராவது சொல்லியிருந்தால் சட்டென்று புரிந்துகொண்டிருப்பார். ஒருவரும் சொல்லவில்லையே என்று எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

போன வாரம் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தை திடீரென்று கேட்டார்.

"அன்னிக்கு நான் டாக்டருகிட்ட பொய்யா சொன்னேன்?"

"இல்ல அத்த. நெசத்தத்தான் சொன்னீங்க. இன்னாத்த நிறுத்தினாருன்னு சாயங்காலம் வரைக்கும் அவங்கதான் கேக்கல."

அவர் அழ ஆரம்பித்தார்.