சட்டையில் ஒட்டிய கோபம்

போன வாரம் வாங்கிய டி-சர்ட்டை உதறினேன். அக்குளுக்குக் கீழே சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர். சட்டென்று மூக்கில் அயர்ன் டேபிளின் நீராவி வாசனை. பனியன் கம்பெனியில் செக்கிங் பெண்கள் ஓட்டையோ எண்ணெய்க்கறையோ கண்டால் அந்த இடத்தில் ஒட்டுவது இது. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் நான் திருப்பூரில் செக்கிங் சூப்பர்வைசர். பேர்தான் பெத்த பேர். வேலை, எல்லாரிடமும் திட்டு வாங்குவது.

அதிகம் திட்டியவர் அயர்ன் மாஸ்டர் ஜெபராஜ். சாத்தான்குளம் பக்கத்துக்காரர், தங்கமான மனுஷன். கை நீட்டமாட்டார், வாய்தான். குரலை உயர்த்தினால் அடுத்த தெரு நாய் எழுந்து உட்காரும். அது தாங்காமல் அவர் மனைவி ராணி கைக்குழந்தையோடு பிறந்தவீடு போய்விட்டார். கோபத்தை விட்டால்தான் திரும்புவேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்கள் அவை. ஜெபராஜ் மதியம்வரை உபவாசம், டேபிளடியில் முழங்கால் போட்டு ஜெபம்.

"மனுசன் தன்னால திருந்த முடியாது சார். கர்த்தர் மனசு வைக்கணும்."

பாவம், பதினோரு மணிக்குப் பசியும் கோபமும் கைகோத்துக்கொண்டு வரும். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். இவரிடம் டேப், கத்தரிக்கோல், டீ கிளாஸ் எல்லாம் பறந்தன.

எதிர் டேபிளில் கட்டிங் மாஸ்டர் பழனிச்சாமி. குண்டடத்துக்காரர், கடவுள் இல்லை என்பவர். ஆளுமை வளர்ச்சி வகுப்புக்கெல்லாம் போய்வந்திருந்தார்.

"ஏனுங் ஜெபராஜ், துணியில தப்பு கண்டா ஒட்டறமல்லங்க? நீங்க கத்துனாலும் ஒண்ணு சட்டையில ஒட்டிக்குங்க. தப்பக் கண்ணுல பாத்தாப் பாதி கொறஞ்சிருமுங்க. வேணும்னா நானும் ஒட்டிக்கறேன்."

"பாவத்த வெளிய ஒட்டிட்டுத் திரிவாங்களா மாஸ்டர்? உள்ளல்லா அழணும்!"

ஆனாலும் ஒட்டினார். மனைவி வரவேண்டுமே. ஒட்டும்போதெல்லாம் கண்ணை மூடி முணுமுணுப்பார். அதைப் பார்த்துப் பெண்கள் சிரிப்பார்கள், அவர் கத்துவார், மறுபடி ஒன்று ஒட்டுவார். எனக்கும் ஒரு தாள் கொடுத்தார்கள். எனக்கு ஜெபமும் வரவில்லை, ஸ்டிக்கரும் நிற்கவில்லை. சோம்பேறிக்குக் கோபம் வருவதே அபூர்வம் என்று தப்பித்துக்கொண்டேன்.

அப்படி ஒருநாள் மத்தியானம் கம்பெனி கேட்டில் ராணி, இடுப்பில் குழந்தை, பக்கத்தில் அண்ணன். வீட்டுச் சாவியை வாங்கி, துணிமணிகளை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று வந்திருந்தார்கள். ஜெபராஜ் சட்டையெல்லாம் சிவப்பு அம்புகளோடு ஓடினார்.

"என்ன இது கோலம்?" என்றார் ராணி.

"இன்னைக்குக் கத்துனது. ஒண்ணொண்ணும் ஒரு தடவ."

ராணி வெகுநேரம் சட்டையையே பார்த்தார்.

"எம்மேல கத்துனதுக்கெல்லாம் எங்க ஒட்டுவீய?"

"ஒடம்பு பத்தாது, ராணி."

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ராணி கையைக் காட்டி நிறுத்தினார். "ஈஸ்டர் வரைக்கும் இருந்து பாக்கேன்."

"மே தினம் வரைக்கும்னு சொல்லக்கூடாதுங்களா அம்மிணி?" என்றார் பின்னாலேயே வந்த பழனிச்சாமி. யாரும் சிரிக்கவில்லை, ராணியைத் தவிர.

ஈஸ்டரும் போயிற்று, மே தினமும் போயிற்று, ராணி போகவில்லை. ஜெபமா ஸ்டிக்கரா என்று இரண்டு மாஸ்டர்களும் டீ நேரம் முழுக்கக் கத்திச் சண்டை போட்டார்கள். அதற்கு யாரும் ஒட்டிக்கொள்ளவில்லை.

அந்தக் கம்பெனி இருந்த இடத்தில் இன்று கல்யாண மண்டபம். பழனிச்சாமி ஊருக்கே போய்த் தென்னை வைத்துவிட்டார். பழைய நினைப்பில் இந்த ஞாயிறு ஜெபராஜ் வீட்டுக்குப் போனேன். அன்றைய கைக்குழந்தை கல்லூரி முடித்துவிட்டாள். காப்பி கொண்டுவந்தவளிடம், "உங்கப்பா அந்தக் காலத்துல போட்ட சத்தம் இருக்கே..." என்று ஆரம்பித்தேன்.

"எங்க அப்பாவா? சத்தமா?" அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நீங்க வேற யாரையோ நெனச்சுட்டுப் பேசுறீங்க அங்கிள்."

ஜெபராஜ் தலை நிமிரவில்லை. ராணி அடுப்படி வாசலிலிருந்து என்னையே பார்த்தார்.

"ஆமா கண்ணு, அது வேற ஆளு," என்றேன்.